பதினொன்று புள்ளி ஆறு

“ஆடி 30, புதன். எண் 217. பெண், வயது 31. கூட்டு மாத்திரை தொடங்கி நாலாவது வாரம். ஹீமோகுளோபின் 11.6. திருப்தி.”

இது என் சொந்த நோட்டில் உள்ள வரி. லேப் பதிவேட்டிலும் இதே வரி அலுவலகத் தேதியோடு இருக்கிறது. அந்தத் தேதியையும் வருடத்தையும் இங்கே எழுதவில்லை, ஏனென்றால் அவற்றை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிட முடியும். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள்வரை தமிழ்த் தேதி போட்டு ஒரு நோட்டு எழுதி வந்தேன். என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள், எத்தனை மணிக்கு என்று எழுதிவைப்பது என் பழக்கம். அதனால் கீழே வருவதில் நினைவு குறைவு, நோட்டு அதிகம்.

புதிதாக லேப் வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். ஊசி குத்துவதையும் மெஷினை இயக்குவதையும் நீங்கள் என்னைவிட நன்றாகவே கற்று வந்திருக்கிறீர்கள். நான் சொல்ல வருவது, சரியாகச் செய்த ஒரு பரிசோதனை ஒரு பெண்ணைச் சாவின் பக்கத்தில் கொண்டுபோய் விட்ட கதை. அந்த 11.6 சரியான எண். மெஷினில் கோளாறு இல்லை, மருந்துத் திரவம் காலாவதியாகவில்லை, என் கண்ணும் பிழை செய்யவில்லை. அதுதான் இன்றும் என்னைப் பயமுறுத்துகிறது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு மருத்துவமனையின் ஹெச்.ஐ.வி. சிகிச்சைப் பிரிவில் அப்போது இருந்தேன். மூன்று மருந்துகளை ஒன்றாகச் சேர்த்த மாத்திரையைக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று கொடுப்போம். அந்த மூன்றில் ஒன்றின் பெயர் ஜிடோவுடின். நல்ல மருந்து, எத்தனையோ பேரை எழுந்து நடக்க வைத்தது. ஆனால் சிலருக்கு மட்டும் எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறுவதை அது நிறுத்திவிடும். யாருக்கு நிறுத்தும் என்று முன்கூட்டிச் சொல்ல வழி கிடையாது. அதனால் முதல் சில மாதங்கள் ரத்தத்தின் அளவைக் குறிப்பிட்ட நாட்களில் பார்த்தே ஆக வேண்டும், இறங்கினால் உடனே மருந்தை மாற்ற வேண்டும். இன்று முதல் மருந்தாக இதைப் பெரும்பாலும் கொடுப்பதில்லை. அன்று அதுதான் முதல் மருந்து.

எங்கள் பிரிவுக்கு ஒரே டாக்டர். அவருக்கு வேறு பொறுப்புகளும் உண்டு. ஆகவே ஓர் ஏற்பாடு இருந்தது. டாக்டர் இல்லாத நாளில் லேப் சீட்டு சரியாக இருந்தால் மருந்தகத்தில் மாத்திரையைக் கொடுத்துவிடலாம். சீட்டில் எண் குறைந்திருந்தால் மட்டும் ஆளை நிறுத்திவைக்க வேண்டும். அதாவது, இந்த மாத்திரைக்கும் ஆபத்துக்கும் நடுவே இருந்த ஒரே கதவு நான் எழுதும் எண்தான்.

இன்னொரு ஏற்பாடும் உண்டு, அது என்னுடையது. ஆரம்பத்தில் மற்ற இடங்களைப் போலப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டோம். ஒரு நாள் நான் ஒரு பெயரைக் கூப்பிட்டபோது, எக்ஸ்ரே எடுக்க வந்து வராண்டாவில் உட்கார்ந்திருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். கூப்பிடப்பட்டவரின் சம்பந்தி அவர். அதற்குப் பிறகு அந்த நோயாளி வரவே இல்லை. மறுவாரமே பெயரை நிறுத்தினேன். எல்லோருக்கும் பச்சை அட்டை போட்ட சிறு நோட்டு, அதில் ஓர் எண். “எரநூத்திப் பதினேழு, கைய நீட்டுங்க” என்போம். கை வரும். முகத்தை உற்றுப் பார்க்க மாட்டோம். அங்கே வருகிறவர்கள் தங்கள் முகம் யார் நினைவிலும் தங்கக் கூடாது என்று விரும்பினார்கள், நாங்கள் அதற்கு மரியாதை கொடுத்தோம். உறவினர் நோட்டைக் கொண்டுவந்தாலும் மாத்திரை கொடுத்தோம். வெளியூரிலிருந்து பார்வையிட வந்தவர்கள் இந்த முறையைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

217ஐ மலர் என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் அதுவல்ல. அரிமளத்துக்கு அந்தப் பக்கம் ஓர் ஊர். கணவர் இரண்டு வருடங்களுக்கு முன்பே இறந்துவிட்டார். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு மகள். முந்திரிக்கொட்டையை வறுத்து உடைக்கும் இடத்தில் வேலை. ஆடி 2, புதன்கிழமை மாத்திரை தொடங்கினோம். அன்று அவருடைய கையிலிருந்து நானே நரம்பில் ரத்தம் எடுத்தேன். 10.2.

ஆடி 16 அன்று 217க்கு 11.8. “நல்ல முன்னேற்றம்” என்று பக்கத்தில் எழுதியிருக்கிறேன். ஆடி 30 அன்று 11.6. இரண்டு நாளும் விரல் நுனியில் குத்தி எடுத்த சொட்டு ரத்தம். இரண்டு நாளும் டாக்டர் வேறு இடத்தில் இருந்தார். சீட்டு சரியாக இருந்தது, மாத்திரை போனது.

ஆவணி 20, புதன். காலை 10.35 மணிக்கு வராண்டாவில் ஏதோ விழுந்த சத்தம். எட்டிப் பார்த்தேன். ஒரு பெண் தரையில் கிடந்தார். இன்னொரு பெண் அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, “அக்கா, அக்கா” என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்துவரும்போதே நான்கு இடத்தில் உட்கார்ந்தாராம். கைப்பையிலிருந்து பச்சை நோட்டு வெளியே விழுந்து கிடந்தது. 217.

அன்று டாக்டர் இருந்தார். வயதில் என் மகளைவிடச் சின்னவர், ஆனால் பதறாதவர். கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். எனக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது. சிவப்பு என்பதே அங்கே இல்லை, வெள்ளைத்தாள் மாதிரி இருந்தது.

“அண்ணே, ரத்தம் எவ்வளவுன்னு ஒடனே வேணும். எல்லாமே பாருங்க” என்றார்.

நர்ஸ் ரத்தம் எடுத்துக் கொடுத்தார். மெஷினில் வைத்தேன். 3.4.

இந்த இடத்தில் நான் செய்ததைக் கவனியுங்கள். அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு நோயாளியைப் பற்றிப் பயம் வரவில்லை. மெஷின்மேல் சந்தேகம் வந்தது. பதிவேட்டைப் புரட்டி 217ஐப் பார்த்தேன். மூன்று வாரத்துக்கு முன் 11.6. ஆக, 3.4 தவறு. சலைன் ஏறுகிற கையிலிருந்து எடுத்திருப்பார்கள், தண்ணீர் கலந்திருக்கும் என்று நானே முடிவுகட்டி, மறு கையிலிருந்து எடுக்கச் சொன்னேன். வந்தது. 3.3. மெஷினைக் கழுவிவிட்டு வேறொருவரின் ரத்தத்தை வைத்துச் சரிபார்த்தேன். மறுபடி 217. மறுபடி 3.3. இதில் நாற்பது நிமிடம் போயிற்று. நாற்பது என்பது உத்தேசமல்ல, நோட்டில் இருக்கிறது.

டாக்டரே லேப்புக்கு வந்துவிட்டார்.

“என்னண்ணே, எவ்வளவு?”

“மூணு புள்ளி மூணு காட்டுதும்மா. ஆனா மூணு வாரத்துக்கு முன்னாடி பதினொன்னு புள்ளி ஆறு.”

“நிச்சயமா?”

“நானே போட்டது.”

அந்த இரண்டு வார்த்தைகளை மட்டும் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

டாக்டர் பதிவேட்டில் அந்த வரியைப் பார்த்தார். “மாத்திரையால எறங்குறதா இருந்தா படிப்படியா எறங்கணும். மூணு வாரத்துல எட்டு கிராம் போகாது. எங்கயோ உள்ளுக்குள்ள ரத்தம் போகுது” என்றார். நான் கொடுத்த எண்ணை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது முற்றிலும் சரி. அப்படித்தான் எவரும் யோசிக்க வேண்டும்.

உடனே வயிற்று ஸ்கேனுக்குச் சொன்னார்கள். குடலில் புண் இருக்குமோ, கர்ப்பம் கருக்குழாயில் தங்கி வெடித்திருக்குமோ என்று கேள்விகள் தொடங்கின. அதை அவரிடமே கேட்டாக வேண்டும் அல்லவா? டாக்டர் குனிந்து, மெதுவாகத்தான் கேட்டார்.

“நாள் தள்ளிப் போயிருக்காம்மா?”

மலர் கண்ணைத் திறந்தார். மூச்சு வாங்கியது. “அவரு போயி ரெண்டு வருசமாச்சும்மா” என்றார்.

“கேக்க வேண்டியது என் வேலம்மா. தப்பா எடுத்துக்காதீங்க.”

தங்கை செல்வி (இதுவும் மாற்றிய பெயர்) பொரிந்து தள்ளிவிட்டார். “எங்கக்காவப் பாத்து என்ன கேக்குறீங்க? கொட்டை ஒடைக்கப் போறா, வாரா, புள்ளைக்கிச் சோறு ஆக்குறா. இதுல எங்கிட்டுப் போயி அவ…” என்று முடிக்காமல் அழுதார். ஆனாலும் டாக்டர் கர்ப்பப் பரிசோதனை செய்யச் சொன்னார், செய்தோம், இல்லை என்று வந்தது. இறந்துபோன கணவரின் பெயரால் ஒரு பெண் தன்னை நிரூபிக்க வேண்டிவந்தது. அதற்குக் காரணம் என் பேனா.

இதற்கிடையில் நான் ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்துச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். உங்களுக்குத் தெரியும், உள்ளே ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தால் மஜ்ஜை அவசர அவசரமாகப் புது அணுக்களை வெளியே தள்ளும். சற்று நீலம் கலந்த, இளம் சிவப்பணுக்கள் தெரியும். இங்கே அப்படி ஒன்றுகூட இல்லை. இருந்த கொஞ்சம் அணுக்களும் அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தன. வெள்ளணுக்களும் குறைவு. அது மாத்திரை எழுதிய கையெழுத்து. அது எனக்குத் தெரியும், இதே படத்தை வேறு சிலரிடம் பார்த்திருக்கிறேன்.

தெரிந்தும் நான் டாக்டரிடம் போய்ச் சொல்லவில்லை. கண்ணை மைக்ராஸ்கோப்பில் வைத்துக்கொண்டு, “ஆனால் 11.6 இருந்ததே” என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம். சாயம் சரியாக ஏறவில்லை என்றுகூட எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எனக்குக் கல்வெட்டுகள் பற்றிய புத்தகங்கள் படிக்கும் வழக்கம் உண்டு. நம் மாவட்டத்தில் பாறைக்குப் பாறை எழுத்து இருக்கிறது, குன்றாண்டார்கோவிலுக்கும் சித்தன்னவாசலுக்கும் விடுமுறையில் நோட்டோடு போய்வருவேன். கல்லில் வெட்டியிருப்பதை நம்பி, நேரில் கண்ணுக்குத் தெரிகிற கட்டடத்தையே சந்தேகிக்கும் ஆராய்ச்சியாளர்களைப் பற்றிப் படித்துச் சிரித்திருக்கிறேன். அன்று அதையேதான் செய்துகொண்டிருந்தேன், எதிரே கிடந்தது கட்டடம் அல்ல.

12.10க்கு ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று. தஞ்சாவூருக்கு அனுப்பி, அறுவைச் சிகிச்சைக்காரர்கள் பார்க்கட்டும் என்று முடிவு. 3.3 வைத்துக்கொண்டு அந்தப் பயணம் தாங்குமா என்று யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. மாலை மாத்திரையைத் தவறவிடக் கூடாது என்று, நோயாளிகளுக்கு ஆலோசனை சொல்லும் எங்கள் கவுன்சிலர் அதைப் பொட்டலம் கட்டி, நோட்டோடு சேர்த்துச் செல்வியின் கையில் கொடுத்திருந்தார். மாத்திரையை நிறுத்தும் எண்ணமே யாருக்கும் வரவில்லை. ஏன் வர வேண்டும்? மாத்திரை அவருக்கு ஒத்துக்கொண்டிருக்கிறது என்று பதிவேடு சொல்கிறதே.

போகிற இடத்தில் ரத்தம் ஏற்ற வேண்டும், கொடுக்க ஆள் இருக்கிறதா என்று நர்ஸ் கேட்டார். லேப் வாசலில் நின்ற செல்வி என் பக்கம் திரும்பினார்.

“என் ரத்தத்த எடுத்துக்கங்க சார். எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கங்க. எனக்கொண்ணும் ஆகாது. ஏற்கெனவே ரெண்டு தடவ குடுத்தேன்ல?”

“எங்க குடுத்தீங்க?” என்றேன். ரத்த தான முகாம் எதிலாவது கொடுத்திருப்பார், எத்தனை நாளாயிற்று என்று கணக்குப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் நினைப்பு.

“இங்கதான். நீங்கதான குத்துனீங்க?”

எனக்குப் புரியவில்லை. “நானா? எப்ப?”

“அக்காவுக்கு மாத்திர வாங்க வந்தப்ப சார். ரெண்டு தடவையும் நாந்தான வந்தேன். அவ லீவு போட்டா எங்க போற, எதுக்குப் போறன்னு ஒடைக்கிற எடத்துல நூறு கேள்வி கேப்பாளுக. அதான் நான் நோட்டக் கொண்டாந்தேன். நீங்க எரநூத்திப் பதினேழு, கைய நீட்டுங்கன்னீங்க. நீட்டுனேன்.”

“ஒங்களுக்கு எதுக்கும்மா ரத்தம் எடுக்கணும்? நீங்க சொல்லலாமுல்ல?”

“நான் என்னத்தக் கண்டேன்? மாட்டேன்னா மாத்திர குடுக்க மாட்டீங்களோன்னு நெனச்சேன். அக்கா தங்கச்சி ரத்தம் ஒண்ணுதான சார்?”

ஏமாற்ற வேண்டும் என்று அவர் நினைக்கவே இல்லை. கையை நீட்டச் சொன்னோம், நீட்டினார். நாங்கள் பார்த்தது கையை.

ஒரு வாக்கியம்கூட யோசிக்காமல் டாக்டர் இருந்த இடத்துக்குப் போனேன். ஸ்கேன் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தப் பதினொன்னு புள்ளி ஆறு அந்தப் பொண்ணோடது இல்லம்மா.”

“என்னது?”

“தங்கச்சியோடது. அதுக்கு முந்துனதும் தங்கச்சியோடதுதான்.”

டாக்டர் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். “அப்ப இவங்க ரத்தத்தக் கடைசியா எப்ப பாத்தோம்?” என்று மட்டும் கேட்டார்.

“மாத்திர ஆரம்பிச்ச அன்னிக்கி. பத்து புள்ளி ரெண்டு.”

“ஏழு வாரம்” என்றார். பிறகு மிக மெதுவாக, “ஏழு வாரம் நாமளே குடுத்துருக்கோம்.”

நான் மைக்ராஸ்கோப்பில் பார்த்ததையும் அப்போதுதான் சொன்னேன். ஆம்புலன்ஸை நிறுத்தினார்கள். டாக்டர் தானே போய்ச் செல்வியின் கையிலிருந்த மாத்திரைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். செல்விக்கு ஒன்றும் விளங்கவில்லை. “எதுக்கும்மா புடுங்குறீங்க? அதான உசுரு அவளுக்கு?” என்று பொட்டலத்தை விடாமல் பிடித்துக்கொண்டார். அந்த இழுபறியைப் பார்த்துக்கொண்டு நான் அங்கேயே நின்றேன்.

ரத்தம் இங்கேயே ஏற்றுவது என்றானது. செல்வி மறுபடி கையை நீட்டிக்கொண்டு வந்தார். ரத்தப் பிரிவைப் பார்த்தேன். அக்கா ஓ, தங்கை பி. சேராது என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. “ஒரே வயித்துல பொறந்த புள்ளைக சார். மறுபடி பாருங்க” என்றார். மறுபடி பார்த்துக் காட்டினேன். ரத்த வங்கியிலிருந்து ஓ பிரிவு மூன்று பை வந்தது. வேகமாக ஏற்றினால் இளைத்துப்போன இதயம் தாங்காது. சொட்டுச் சொட்டாகத்தான் ஏற்ற வேண்டும். முதல் பை முடிவதற்குள் இரண்டு முறை மூச்சுத் திணறி நிறுத்தி, மறுபடி தொடங்கினார்கள். அன்று மாலை நான் வீட்டுக்குக் கிளம்பும்போது அவர் பிழைப்பார் என்று டாக்டர் சொல்லவில்லை. “பாக்கலாம்ணே” என்றார்.

வியாழன் மாலை மலர் எழுந்து உட்கார்ந்தார். கஞ்சி கேட்டாராம். வெள்ளிக்கிழமை காலை ரத்தம் எடுக்க நானே போனேன். சிரிஞ்சை வைத்துக்கொண்டு நின்றேன். எண்ணைச் சொல்ல வாய் வரவில்லை.

“ஒங்க பேரச் சொல்லுங்கம்மா” என்றேன்.

“மெதுவாச் சொல்லணுமா சார், சத்தமாச் சொல்லணுமா?”

“எனக்கு மட்டும் கேக்குற மாதிரி.”

சொன்னார். முதல்முறையாக அவர் முகத்தை நன்றாகப் பார்த்தேன். விரல்களையும் பார்த்தேன். நகமெல்லாம் கறுத்துக் கிடந்தது. முந்திரித் தோலின் எண்ணெய் பட்டால் விரல் அப்படித்தான் கறுக்கும். ஆனால் இந்த மாத்திரையும் நகத்தைக் கறுக்க வைக்கும். எது எண்ணெய், எது மாத்திரை என்று பிரிக்க முடியவில்லை. அவர் நேரில் வந்திருந்தால்கூட, அந்தக் கையை மட்டும் பார்த்திருந்தால் வெளுப்பைக் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

“ஒடம்பு முடியலன்னு யார்ட்டயும் சொல்லலயா?” என்று கேட்டேன்.

“முடியலதான். ஆனா எல்லாரும் நான் நல்லாருக்கேன்னாளுக சார். ‘என்னடி, அடுப்புப் பக்கத்துல உக்காந்துக்கிட்டு இப்புடி நெறமாகுற, என்ன சோப்புடி போடுற’ன்னு ஒருத்தி கேட்டா. நாள் ஆக ஆக நெறம் கூடிக்கிட்டே போச்சு. கண்ணாடியில பாத்தா எனக்கே நல்லாத்தான் இருந்துச்சு. மாத்திர வேல செய்யுதுன்னு நெனச்சேன்.”

ரத்தம் வற்றி வெளுத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் ஊரே சோப்பின் பெயரைக் கேட்டிருக்கிறது.

நடந்ததைச் சொன்னேன். தப்பு உங்கள் தங்கையுடையது அல்ல, என்னுடையது என்று சொன்னேன். தயார்செய்துகொண்டு போயிருந்த வார்த்தைகளில் பாதியைத்தான் சொன்னேன். மலரிடம் தங்கை முன்பே சொல்லியிருந்தார். அவர் சிரித்தார். “எந்தங்கச்சி ரத்தம் நல்லாருக்குன்னு நீங்க எழுதி வச்சிருக்கீங்கன்னு கேட்டதுலருந்து அவளுக்குப் பெரும தாங்கல சார்.”

அதற்குச் சிரிக்க எனக்குத் தெம்பில்லை. அடுத்து அவர் கேட்டதுதான் என்னை உலுக்கியது.

“என்னய மாதிரி வேற யாரும் இருக்காங்களா சார்? பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. இரண்டு நாளாக என் குற்றத்தைப் பற்றி மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேனே தவிர, பச்சை நோட்டு வைத்திருந்த மற்றவர்களைப் பற்றி நினைக்கவே இல்லை. அன்று மலருக்கு 6.8 வந்தது. எழுதிவிட்டு நேரே பதிவேட்டுக்குப் போனேன்.

217இன் இரண்டு வரிகளையும் சிவப்பு மையில் ஒரே கோடாக அடித்து, “நோயாளியின் ரத்தம் அல்ல” என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அடித்தாலும் பழைய எண் படிக்கும்படி இருக்க வேண்டும், வெள்ளை மை பூசாதீர்கள். அலுவலகத்தில் ஒருவர், “பொழச்சிருச்சுல்ல சார், எதுக்கு வம்பு” என்றார். டாக்டர் பார்த்துவிட்டுத் தன் கையெழுத்தையும் கீழே போட்டார்.

அன்றிலிருந்து முறையை மாற்றினோம். வராண்டாவில் எண்தான். ஆனால் லேப்புக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகு, நாங்கள் பெயரைச் சொல்ல மாட்டோம், அவர் சொல்ல வேண்டும். “இவர்தானே நீங்கள்” என்று கேட்டால் யாரும் தலையாட்டிவிடுவார்கள். உங்கள் பெயர் என்ன என்று கேட்டுக் காத்திருங்கள். அடுத்து, கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். லேப்காரனுக்கு இது எதற்கு என்று கேட்பார்கள். கேட்கட்டும். மெஷின் காட்டுவதும் இமை காட்டுவதும் ஒத்துப்போகவில்லை என்றால், இரண்டில் எது பொய் என்று நீங்களாக முடிவு செய்யாமல் எழுந்து போய் டாக்டரிடம் சொல்லுங்கள். நான் உட்கார்ந்திருந்த அந்தப் பத்து நிமிடத்தை உங்களில் யாரும் உட்கார வேண்டாம்.

மலருக்கு டாக்டர் மருந்தை மாற்றினார். கார்த்திகையில் 10.9. அவருடைய ரத்தம், அவர் வாயால் பெயர் சொல்லி. நிறம் பழையபடி கறுத்துவிட்டது என்று உடன் வேலை செய்கிறவர்கள் வருத்தப்பட்டார்களாம்.

பதிவேட்டில் எண் திடீரென்று ஏறியிருந்தவர்களைத் தேடி விசாரித்ததில், உறவினர்கள் நோட்டைக் கொண்டுவந்த சிலரைக் கண்டுபிடித்தேன். ஒவ்வொருவரையும் நேரில் வரவழைத்து மறுபடி பார்த்தோம். அவர்கள் தப்பித்திருந்தார்கள். வரவழைக்க முடியாதவர் ஒருவர் இருந்தார். எண் 164. ஆண். குன்றாண்டார்கோவில் பக்கம். மாத்திரை தொடங்கிய அன்று 10.4. பதினைந்தாம் நாள் 12.9. அதன்பின் 13.1, 12.8. நான்காம் மாதம், “இறப்பு. காசநோய் என்று உறவினர் தகவல்.” மலர் விழுவதற்கு முந்தின வருடத்து வரி அது.

அவர் வீட்டுக்குப் போக முடியாது. வீட்டில் யாருக்கும் தெரியக் கூடாது என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தார். தெரிந்தவர் தம்பி ஒருவர்தான், அவரும் வளைகுடாவுக்குப் போய்விட்டிருந்தார். கவுன்சிலர் அவருடைய போன் எண்ணைத் தேடிக் கொடுத்தார். ஒரு வெள்ளிக்கிழமை, அவருக்கு விடுமுறை நாள், பேசினேன்.

“மாத்திர வாங்க நாந்தான் வருவேன். சில தடவ அண்ணனும் வந்துச்சு” என்றார்.

“விரல்ல குத்துனது ஒங்களுக்கா, அவருக்கா? ஞாபகம் இருக்காப்பா?”

“எனக்கும் ஒரு தடவ குத்துன மாதிரி இருக்கு. சரியாத் தெரியலண்ணே. எதுக்கு இப்ப கேக்குறீங்க?”

சொன்னேன். சொல்லாமல் வைத்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன், முடியவில்லை. மறுமுனையில் ஏதோ டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள்.

“நான் கைய நீட்டுனதாலயா எங்க அண்ணன் போச்சு?”

“இல்லப்பா. நீட்டச் சொன்னது நாங்க” என்றேன். இன்னும் ஏதோ சொல்ல நினைத்தேன். தொடர்பு அறுந்துவிட்டது. அவர் அறுத்தாரா, தானாக அறுந்ததா தெரியவில்லை. பிறகு அழைத்தபோதெல்லாம் யாரும் எடுக்கவில்லை.

164க்கு மாத்திரை தொடங்கிய பிறகு எழுதிய அந்த மூன்று எண்களில் எது அண்ணனுடைய ரத்தம், எது தம்பியுடையது, அவர் இறந்தது காசநோயாலா அல்லது நாங்கள் கொடுத்த மாத்திரையால் ரத்தம் வற்றியா என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதிப்படவில்லை.